ஏழாயிரம் வெள்ளி ஹெட்போன் யாருக்கு?

அக்கா மகனுக்கு வேலையில் முதல் போனஸ் வந்தது. வந்த அன்று ராத்திரியே எனக்கு வாட்சப்பில் ஒரு படம் அனுப்பினான். ஒரு ஹெட்போன், பக்கத்தில் விலை, ஏழாயிரம் ரிங்கிட்டுக்கு (எங்கள் பேச்சில் வெள்ளி) கொஞ்சம் மேல். கீழே ஒரே வரி: "மாமா, வாங்கலாமா?"

நான் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைப்பவன். கோலாலம்பூர் செந்தூல் வீட்டின் பின்னறையில் உட்கார்ந்து நாளைக்கு ஏழெட்டு மணி நேரம் காதில் எதையாவது மாட்டியிருப்பேன். அதனால் சொந்தக்காரர், கூட்டாளி யாராயிருந்தாலும் ஹெட்போன் வாங்குமுன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்பது வழக்கமாகிவிட்டது. எல்லாரும் ஒரே இடத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நூறு வெள்ளிக்கும் கிடைக்கிறது, ஏழாயிரத்துக்கும் கிடைக்கிறது. நடுவில் இருக்கிற ஆறாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே போகிறது?

என் பதிலை மறைக்காமல் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். அதில் ஒலிக்குப் போவது கொஞ்சம். அந்தக் கொஞ்சமும், நீங்கள் உட்கார்ந்து கேட்கும் இடம் ஒத்துழைத்தால்தான் காதுக்கு வந்து சேரும். இன்னொன்று: கடையில் விலை கூடுதலாக இருப்பதுதான் வருடக் கணக்கில் செலவு கூடியது என்று நினைத்தால், பாதி நேரம் கணக்கு தப்பும்.

## எதை வைத்து அளப்பது

முதலில் இடம். கோலாலம்பூர் சத்தமான ஊர். தாமான் குடியிருப்பு வீட்டில் மேலே ஃபேன் ஓடும், பக்கத்து வீட்டு டிவி சுவரைத் தாண்டி வரும், சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டால் கூரையில் அடிக்கிற அடியில் எதிரில் இருப்பவர் பேசுவதே கேட்காது. வெளிச்சத்தம் கூடக் கூட நாம் வால்யூமைக் கூட்டுவோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபெல், வாரத்துக்கு 40 மணி நேரம். ரயில் இரைச்சலைத் தோற்கடிக்க வேண்டும் என்று தினமும் வால்யூமை ஏற்றினால் அந்த அளவை எப்போது தாண்டினோம் என்றே தெரியாது. அதனால் எங்கே கேட்கப் போகிறோம் என்பது ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி மட்டுமில்லை, காது சம்பந்தப்பட்டதும்தான்.

அடுத்தது வெக்கை. ஐரோப்பாவில் எழுதுகிறவர்கள் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. இங்கே 33 டிகிரியில் காதை மூடும் மெத்தை இருபது நிமிடத்தில் ஈரமாகிவிடும். கண்ணாடி போடுகிறவர்களுக்கு அதன் கால் வேறு அழுத்தும்.

மூன்றாவது, எத்தனை வருடம் உழைக்கும், ஒரு பாகம் கெட்டால் அதை மட்டும் மாற்ற முடியுமா என்பது. நாலாவது முழு பில்: ஹெட்போன் விலை, அதோடு வந்து சேரும் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி), டாங்கிள் (ஒயரைக் கைப்பேசியில் செருக உதவும் துண்டு), மெத்தை எல்லாம் சேர்த்து. கடைசியாக, என்ன கேட்கிறீர்கள் என்பது. யூடியூப்பில் யாரோ ஏற்றிய பழைய பாடலுக்கு ஏழாயிரம் ரிங்கிட்டில் பல்லக்கு தேவையில்லை.

## விலை ஏறினால் ஒலியும் ஏறுமா

ஒவ்வொரு ஹெட்போனும் எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்று வரைபடம் போடலாம். அதைத்தான் ஃபிரீக்வன்சி ரெஸ்பான்ஸ் என்பார்கள். நம் காதுக்கு ஒரு ஹெட்போன் பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் பெரும்பாலும் அந்தக் கோட்டால்தான். 2017இல் ஜெரோன் பிரீபார்ட் என்ற ஆய்வாளர் 283 ஹெட்போன்களின் அளவீடுகளை எடுத்து விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்தக் கோட்டுக்கும் விலைக்கும் எந்தத் தொடர்பும் தென்படவில்லை. அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் ஆய்விதழில் வந்த கட்டுரை அது. கடைக்காரர் யாரும் சுவரில் ஒட்டி வைக்க மாட்டார்.

ஷான் ஒலிவ் தலைமையில் ஹார்மன் என்ற ஒலிக்கருவி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் செய்த வேலை இதற்குத் துணை. பிராண்டும் விலையும் தெரியாதபடி மறைத்துவிட்டுக் கேட்கவைத்தால், பெரும்பாலானவர்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரியான கோட்டைத்தான் விரும்புகிறார்கள் என்று அவர்கள் கண்டார்கள். அந்தக் கோடு வெளியே வந்ததும், அதைப் பார்த்து மலிவான இயர்போன்களைக்கூடச் சரியாகச் சுருதி கூட்ட முடிந்தது. பத்து வருடத்துக்கு முன் நூறு வெள்ளிக்குக் கிடைத்ததற்கும் இப்போது கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதுவே பெரிய காரணம்.

சரி, அந்தக் கோடு மட்டும்தானா எல்லாம்? இல்லை. தலையில் உட்காரும் சுகம், ஓசை விரிந்து கேட்கும் தன்மை, வெளிச்சத்தத்தைத் தடுப்பது, நீண்ட ஆயுள், இவையெல்லாம் தனித்தனிச் சரக்கு. காசு கூடும்போது நாம் வாங்குவது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். எது என்று தெரிந்து வாங்கினால் ஏமாற்றம் இல்லை.

## நூறு ரிங்கிட்டுக்குள்: ஒயர் இயர்போன்

மூன்டிராப் சூ, 7ஹெர்ட்ஸ் சீரோ மாதிரியான சீன இயர்போன்கள் 2022இல் இருபது அமெரிக்க டாலர் அளவில் வந்தன. நம் காசில் எண்பது, தொண்ணூறு வெள்ளி. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இவற்றின் விலையைச் சரியாகச் சொல்பவர் குறைவு. சிலிக்கான் முனை காதுத் துளையை அடைத்துக்கொள்வதால் பேட்டரி இல்லாமலே ரயில் சத்தத்தில் ஒரு பங்கு குறையும். காதைச் சுற்றி மெத்தை இல்லை, வியர்வை இல்லை.

மறைந்திருக்கும் செலவு சின்னச் சின்னதாக வரும். உங்கள் கைப்பேசியில் ஹெட்போன் செருகும் வட்டத் துளை அநேகமாக இருக்காது, ஐம்பது வெள்ளிக்கு ஒரு டாங்கிள் வேண்டும். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. அதையும் சேர்த்துத்தான் விலை பார்க்க வேண்டும். ஒயர் எல்ஆர்டி ரயில் கூட்டத்தில் யார் பையிலாவது மாட்டும். ஒயர் கழற்றி மாற்றக்கூடிய மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அது ஒன்றே ஆயுளை இரட்டிப்பாக்கும்.

காதுத் துளைக்குள் எதையும் வைத்தால் அரிக்கும் என்பவர்களுக்கு மட்டும் இது ஆகாது. மற்ற யாராயிருந்தாலும் நான் முதலில் இதை வாங்கி மூன்று மாதம் கேட்கச் சொல்வேன். அதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்று பட்டால், என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியும். சொல்லத் தெரியாமல் அடுத்த படிக்குப் போவதில்தான் காசு கரைகிறது.

## ஐந்நூறு சுமாருக்கு: ஸ்டூடியோ ஹெட்போன்

சோனி எம்டிஆர்-7506 1991இல் வந்தது, இன்னும் விற்கிறது. ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 2014. பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோவும் இந்த வரிசைதான். மாடலைப் பொறுத்து நானூறு முதல் எண்ணூறு வரை. அழகுக்குச் செய்ததில்லை, பிழை கண்டுபிடிக்கச் செய்தது.

நான் இதில் வேலை பார்க்கும்போது வைக்கும் சோதனை உறுமி மேளம். உறுமியின் அந்தத் தேய்த்து இழுக்கும் ஓசை மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும், இல்லையா? பேஸை, அதாவது அடித்தொனியை, ஊதிப் பெருக்கும் ஹெட்போனில் அந்த வழுக்கல் கேட்காது, "கும்" என்று ஒரு மொத்தைதான் கேட்கும். நல்ல ஸ்டூடியோ ஹெட்போனில் குச்சி தோலில் உரசுவதே தனியாகக் கேட்கும். கடையில் எந்த ஹெட்போனைப் போட்டுப் பார்த்தாலும் நான் முதலில் போடுவது பத்துமலையில் நானே பதிவு செய்த ஒரு நிமிட உறுமி. கடைப் பையன்களுக்கு என்னைக் கண்டாலே சிரிப்பு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது என்றால் மெத்தையில். செயற்கைத் தோல் எதுவானாலும் நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு வருடத்தில் உரியும். கறுப்புப் பொடி காதில் ஒட்டிக்கொண்டு, குளிக்காதவன் மாதிரி இருக்கும். மாற்று மெத்தைக்கு அறுபது வெள்ளி வையுங்கள். அதோடு மதியம் இரண்டு மணிக்கு ஏர்கோன் இல்லாத அறையில் இதை மாட்டிக்கொண்டு உட்காருவது ஒரு தவம்.

பாட்டு பதிவு, எடிட்டிங், கீபோர்டு பயிற்சி, ராத்திரி பிள்ளை தூங்கும்போது படம் பார்ப்பது, இதற்கெல்லாம் இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. ரயிலில் வேண்டாம்.

## ஆயிரத்து அறுநூறு: நாய்ஸ் கேன்சலிங் ஒயர்லெஸ்

1978இல் போஸ் நிறுவனத்தின் நிறுவனர் அமர் போஸ் விமானத்தில் ஸூரிக்கிலிருந்து திரும்பும்போது, கொடுத்த ஹெட்போனில் இன்ஜின் இரைச்சலைத் தவிர எதுவும் கேட்காத எரிச்சலில் இரைச்சலை அழிக்கும் இந்த யோசனையைக் கணக்குப் போட ஆரம்பித்தார். அவருடைய அப்பா வங்காளத்திலிருந்து அமெரிக்கா போனவர். கடையில் சாதாரண ஆட்கள் வாங்கும்படியான முதல் கொயட்கம்ஃபர்ட் ஹெட்போன் 2000இல்தான் வந்தது. உள்ளே இருக்கும் மைக் வெளிச்சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அழிக்கிறது. ஒரே சீரான அடித்தொனிச் சத்தத்தில்தான் இது கெட்டி: விமானம், ஏர்கோன், சுரங்கத்தில் ஓடும் ரயில். பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் சண்டை போடுகிற அம்மாவின் குரல் கொஞ்சம் குறையும், மறையாது.

அக்கா மகன் காஜாங்கில் எம்ஆர்டி ஏறி, பசார் சேனியில் இறங்கி, எல்ஆர்டி மாறி பங்சார் சவுத் போகிறவன். மாலூரி வரும்போது வண்டி சுரங்கத்துக்குள் நுழையும், அங்கிருந்து இரைச்சல்தான். அவனுக்கு இது வால்யூமைக் குறைத்துக் கேட்கும் வசதியைத் தருகிறது. தினம் இரண்டு மணி நேரப் பயணம் என்றால் அது சின்ன விஷயமில்லை. இந்த விலையில் நீங்கள் வாங்குவது அமைதி. ஒலித்தரம் நன்றாகவே இருக்கும், ஆனால் ஐந்நூறு ரிங்கிட் ஸ்டூடியோ ஹெட்போனைத் தாண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

விளம்பரத்தில் வரும் எல்டிஏசி (ஒயர் இல்லாமல் பாட்டைச் சுருக்கி அனுப்பும் ஒரு முறை), விநாடிக்கு 990 கிலோபிட் என்பதெல்லாம் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குத்தான். ஐபோனில் ஏஏசி என்ற வேறு முறையோடு நின்றுவிடும். அதற்காகக் கூடுதல் காசு கொடுக்குமுன் உங்கள் கையில் இருப்பது எது என்று பாருங்கள்.

உண்மையான செலவு பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஆனதும் இளைக்க ஆரம்பிக்கும். தினமும் போடுகிறவருக்கு நாலு, ஐந்து வருடம். பேட்டரியை எளிதாகக் கழற்றி மாற்றும்படி செய்யப்பட்டவை குறைவு; மற்றவற்றில் ஒலிக்கும் பாகம் நன்றாக இருந்தாலும் பொருள் குப்பைதான்.

இதில் நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு மாலில், மற்ற கடைகளைவிட முந்நூறு வெள்ளி குறைவு என்று ஒன்றை வாங்கினேன். ஐந்தாம் மாதம் இடது பக்கம் செத்துப்போனது. உள்ளூர் விநியோகஸ்தரிடம் கொண்டுபோனால், "இது நாங்கள் இறக்குமதி செய்த செட் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். விற்ற கடையில் ரசீது கேட்டார்கள். ரசீதை நான் எப்போதோ தொலைத்திருந்தேன். ரசீது இருந்திருந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போயிருக்கலாம். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், மனுக் கட்டணம் வெறும் 5 ரிங்கிட். இப்போதெல்லாம் கடை வாசலிலேயே ரசீதைப் படம் எடுத்துவிடுகிறேன்.

## அதே விலைக்கு: ஓப்பன் பேக் ஒயர் ஹெட்போன்

பின்பக்கம் வலை போட்டுத் திறந்திருக்கும் வகை இது. ஓசை உள்ளே அடைபட்டு எதிரொலிக்காமல் வெளியேறுவதால், தலைக்குள் கேட்காமல் கொஞ்சம் தள்ளி, காற்றோட்டமாகக் கேட்கும். கச்சேரிப் பதிவில் மிருதங்கம் ஒரு பக்கம், வயலின் ஒரு பக்கம் என்று இடம் பிரித்துக் காட்டுவதில் இதற்கு ஈடு குறைவு. காதும் அவ்வளவாக வேர்க்காது. நம் வெக்கைக்கு நிஜமாகவே பொருத்தமானது.

என்னிடம் இருப்பது சென்ஹைசர் எச்டி 600. 1997இல் வந்த மாடல். மெத்தை, ஒயர், தலைப்பட்டை எல்லாம் கையாலேயே கழற்றி மாற்றலாம். பேட்டரி என்ற பேச்சே கிடையாது.

ஆனால் திறந்திருப்பது இரண்டு பக்கமும் திறந்திருக்கிறது. ஃபேன் சத்தம் உள்ளே வரும், உங்கள் பாட்டு வெளியே போகும். பக்கத்தில் வீட்டுக்காரி படுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தலையணை பறந்து வரும். தவிர எச்டி 600இன் மின்தடை 300 ஓம், அதிகம். கைப்பேசியில் நேராகச் செருகினால் சத்தம் சோர்ந்துபோய் வரும். ஒரு ஆம்புக்கு நானூறு, ஐந்நூறு வெள்ளி எடுத்து வையுங்கள். ஆழமான பேஸ் பிரியர்களுக்கு இது கொஞ்சம் மெலிந்தே தெரியும்.

## ஏழாயிரமும் அதற்கு மேலும்

2016இல் வந்த சென்ஹைசர் எச்டி 800 எஸ், பெரிய பிளேனார் மேக்னெட்டிக் (மெல்லிய தகட்டைக் காந்தங்களால் அதிரவைக்கும்) ஹெட்போன்கள், இவைதான் அக்கா மகன் அனுப்பிய ரகம். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அதில் நாலு மாதத்துக்கு மேல்.

மோசம் என்று சொல்ல மாட்டேன். புக்கிட் பிந்தாங் பக்கம் ஒரு கடையில், கதவு மூடிய குளிர் அறையில் ஒரு மணி நேரம் கேட்டிருக்கிறேன். தம்புரா மீட்டி முடிந்த பிறகு அதன் அதிர்வு எவ்வளவு தூரம் போய்க் கரைகிறது என்பது அதில் தெரிந்தது. என் எச்டி 600இல் அது கொஞ்சம் முன்னாலேயே முடிந்துவிடும். அந்தக் "கொஞ்சம்" எனக்குப் பிடித்தது. அதற்கு ஐயாயிரம் கூடுதலாகக் கொடுப்பேனா என்று அறையை விட்டு வெளியே வந்து, கீழே மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டே யோசித்தேன். குடித்து முடிக்கும்போது ஆசை பாதியாகியிருந்தது.

மறைந்திருக்கும் செலவு இங்கேதான் அதிகம். இதற்கு ஏற்ற ஆம்ப், டிஏசி (டிஜிட்டல் பாட்டை ஒலியாக்கத் தகுந்த மின்னலையாக மாற்றும் கருவி) என்று இரண்டாயிரம் வரை போகும். சில பிளேனார் வகைகள் 600 கிராமைத் தொடும். ஒரு மணி நேரத்தில் கழுத்து பேசும். அதைவிட முக்கியம், பதிவின் குறையையும் அது துல்லியமாகக் காட்டும். எண்பதுகளின் டேப்பிலிருந்து எடுத்த பாடல்களில் நாடா இரைச்சல் முன்னால் வந்து நிற்கும். சின்ன வயதில் ரேடியோவில் கேட்டு உருகிய பாட்டைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டியிருக்கும். வயதும் ஒரு கணக்கு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மேல்சுருதி மெல்லக் குறைந்துகொண்டு வரும். கையில் காசு சேரும் வயதில் காது இறங்க ஆரம்பிப்பது ஒரு வேடிக்கைதான்.

ராத்திரி ஏர்கோன் போட்டு, ஜன்னலைச் சாத்தி, தனியாக உட்கார்ந்து கேட்க ஒரு அறை இருக்கிறதா? எச்டி 600 மாதிரி ஒன்றோடு இரண்டு மூன்று வருடம் வாழ்ந்துவிட்டீர்களா? வீட்டுக் கடன், கார் கடன் தொந்தரவு செய்யாத நிலையா? மூன்றுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள், நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

## வருடத்துக்கு எவ்வளவு

என் அனுபவத்தில் எத்தனை வருடம் ஓடும் என்று வைத்துப் போட்ட உத்தேசக் கணக்கு. விலை கடைக்குக் கடை மாறும்.

| வகை | வாங்கும் விலை | துணைச் செலவு | ஆயுள் | வருடத்துக்கு |
|---|---|---|---|---|
| ஒயர் இயர்போன் | 90 | டாங்கிள் 50 | 2 வருடம் | 70 |
| ஸ்டூடியோ ஹெட்போன் | 500 | மெத்தை மூன்று முறை 180 | 8 வருடம் | 85 |
| நாய்ஸ் கேன்சலிங் | 1,600 | மெத்தை 100 | 4 வருடம் | 425 |
| ஓப்பன் பேக் | 1,600 | ஆம்ப், மெத்தை 1,050 | 12 வருடம் | 221 |
| ஏழாயிரம் ரகம் | 7,000 | ஆம்ப், மெத்தை 2,750 | 12 வருடம் | 813 |

ஓப்பன் பேக்கும் நாய்ஸ் கேன்சலிங்கும் கடையில் ஒரே விலைதான். வருடக் கணக்கில் ஒன்று மற்றதில் பாதி. ஏழாயிரம் ரகமோ நாய்ஸ் கேன்சலிங்கைப் போல நாலு மடங்கு விலை, வருடத்துக்குப் பார்த்தால் இரண்டு மடங்குகூட இல்லை. இந்த வரியை அக்கா மகனிடம் நான் சொல்லவில்லை.

## கடைக்குப் போகும்போது

உங்கள் கைப்பேசி, உங்கள் பாட்டு, உங்கள் டாங்கிளோடு போங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும். இரண்டை ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்குங்கள். கொஞ்சம் உரக்க ஒலிப்பதைத்தான் காது நல்லது என்று நம்பும். உள்ளூர் விநியோகஸ்தர் வாரண்டியா என்று கேட்டு, ரசீதில் எழுதி வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் ஒயர் ஹெட்போன் தைரியமாக வாங்கலாம், மெத்தையை மட்டும் புதிதாக மாற்றிக்கொண்டு. மூன்று வருடம் ஓடிய ஒயர்லெஸை இன்னொருவரிடமிருந்து வாங்குவது, அவருடைய செத்துக்கொண்டிருக்கும் பேட்டரியை வாங்குவது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா மகன் வீட்டுக்கு வந்தான். பின்னறையில் உட்காரவைத்து எச்டி 600ஐ மாட்டிவிட்டேன். இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, "என்ன மாமா, பின்னால ஏதோ உஸ்ஸுன்னு ஒரு சத்தம்?" என்றான். மேலே கையைக் காட்டினேன். எழுந்துபோய் ஃபேனை நிறுத்தினேன். கண்ணை மூடிக் கேட்க ஆரம்பித்தான், முகம் மாறியது. "இது வேற லெவல் மாமா" என்றான்.

ஆறு நிமிடம். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள, ஹெட்போனைக் கழற்றாமலே சொன்னான்: "மாமா, ஃபேனைப் போடுங்க."